பாதி டீ

ஒரு டீ சாப்பிட்டு வரலாமாக்கா என்றுதான் கிளாட்வின் கேட்டான். அதில் என்ன இருக்கிறது, இந்த எழும்பூரிலேயே இந்த நிமிஷம் எத்தனையோ பேர் எத்தனையோ பேரை டீக்குக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அதற்காக யாரும் கைவேலையை நிறுத்த மாட்டார்கள். சுருட்டிக்கொண்டிருந்த கேபிளை அப்படியே நிறுத்தினேன், நிறுத்தியதை அவன் பார்த்துவிடக் கூடாது என்று மறுபடி சுருட்டினேன், பிறகு சுருட்டியதையே அவிழ்த்துச் சுருட்டினேன். அஃப்சல் டிரம்ஸ் செக் முடியட்டும்டா, என் மைக்கையும் பாத்துட்டு வந்துடறேன், என்றேன். சரிக்கா, நான் வாசல்ல நிக்கிறேன், என்று போய்விட்டான். வாசலில் போய் ஏன் நிற்க வேண்டும், இங்கேயே நிற்கலாமே, ஹாலுக்குள்ளேயே மேஜைமேல் பெரிய ஃபிளாஸ்க்கில் டீ இருக்கிறது, பக்கத்தில் பேப்பர் கப்கூட அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதை விட்டுவிட்டு வெளியே போய்க் குடிக்கிற டீ என்ன டீ? எனக்குத் தெரியும் அது என்ன டீ என்று. எங்கள் பேண்டின் பெயர் கொசுவலை. கொசுவலையில் இத்தனை வருஷத்தில் யாரையும் யாரும் நீ வேண்டாம் என்று சொன்னதே இல்லை. வா, ஒரு டீ சாப்பிடலாம் என்று கூப்பிடுவோம், அவ்வளவுதான். வெளியே ஏதாவது ஒரு கடை, இரண்டு கிளாஸ் டீ, கூப்பிட்டவன் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்ப்பான், அப்புறம் ஒரு விஷயம் சொல்லணும், எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல என்பான். அந்த நேரம் எதிரே இருப்பவன் கையில் கிளாஸ் பாதி இருக்கும். மீதிப் பாதியை யாரும் குடித்து நான் பார்த்ததில்லை. பலகையில் அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள், சிலர் கைகொடுத்துவிட்டு, சிலர் கொடுக்காமல், ஒருத்தன் மட்டும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான், கீபோர்டு வாசித்தவன், அவன் பெயர்கூட இப்போது சட்டென்று வரவில்லை. கூப்பிடுகிற இடத்தில் நான் இருந்திருக்கிறேன், கூப்பிட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிற இடத்திலும் இருந்திருக்கிறேன். கூப்பிடப்பட்ட இடத்தில் இதுவரை இருந்ததில்லை.

சும்மா பயப்படாதே பியூலா. இவர்களுக்கு அந்த டீ பற்றி என்ன தெரியும்? அஃப்சல் வந்து ஒன்றரை வருஷம் இருக்கும், பேஸ் கிடார் யாழினி அதற்கும் பிறகு, லீட் கிடார் கிளாட்வின் போன மழைக்குத்தான் வந்தான். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை, சொல்லக்கூடிய வேறு ஆளே பேண்டில் இல்லை. ஆனால் இந்த மாதிரி விஷயமெல்லாம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும், பழைய டிரம்மர் யாராவது எங்காவது உளறியிருப்பான், கொசுவலைல இருக்கியா, டீக்குக் கூப்புட்டா மட்டும் போயிடாத என்று சிரித்திருப்பான். எத்தனை பழைய டிரம்மர்கள், சென்னையில் எந்த மேடைக்குப் பின்னால் போனாலும் ஒருவன் எழுந்து வந்து ஹாய் பியூலா என்கிறான். முதலில் நாங்கள் நாலு பேர். பெரம்பூரில் நந்தகோபால் வீட்டு மொட்டை மாடி அறை, ஜன்னலுக்குக் கதவு கிடையாது, சாயங்காலமானால் கொசு பிய்த்து எடுத்துவிடும். நந்தாவின் அம்மா இரட்டைக் கட்டில் கொசுவலை ஒன்றை நாலு மூலைக்கும் ஆணியடித்துக் கட்டிக்கொடுத்தார்கள், அதற்குள் உட்கார்ந்து நந்தா லீட் கிடார், ராயன் பேஸ், நான் ரிதம் கிடாரும் பாட்டும். டிரம்ஸ் உள்ளே நுழையாது, அதனால் ஹமீது மட்டும் வெளியே, கடி வாங்கிக்கொண்டே அடிப்பான், சிம்பலில் ஒரு அடி, தன் கன்னத்தில் ஒரு அடி. கொசுவலையில் டிரம்மர்கள்தான் முதலில் ஓடுவார்கள் என்று பிறகு எல்லோரும் கிண்டல் செய்வதற்கு அதுதான் ஆரம்பம். நந்தாவின் மாமா திருப்பூரிலிருந்து நாலு டீஷர்ட் அடித்து அனுப்பினார், கறுப்புத் துணியில் கிடார் வாசிக்கிற கொசு. அந்த நாலுதான் இன்றைக்கும். புதுசு அடிக்கக் கூடாது என்று நந்தா சட்டமே போட்டான், வலைக்கு நாலு மூலைதான், உள்ள ஆள் மாறலாம், மூலை மாறக் கூடாது. போகிறவர்கள் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள், வருகிறவர்கள் போட்டுக்கொள்வார்கள். ராயன் நல்ல உடம்பு, அவனுக்கு அடித்த சட்டைக்குள் யாழினி எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியிருக்கிறது. நந்தாவின் சட்டை கிளாட்வினிடம், தோள் இறங்கி முழங்கை வரைக்கும் தொங்குகிறது, பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறான். என் சட்டை மட்டும் ஆள் மாறவே இல்லை. கழுத்து நைந்து, கொசுவுக்கு ஒரு இறக்கை உதிர்ந்து, ஆனாலும் என் உடம்பில்தான் இருக்கிறது, இதோ இப்போதும். இதை மடித்து யாரிடம் கொடுப்பேன்?

கிக் மட்டும் குடுங்க பாஸ் என்று சவுண்டுக்காரர் மைக்கில் கேட்க, அஃப்சல் மிதிக்கிறான், ஒவ்வொரு மிதியும் நெஞ்சுக்குள் வந்து இறங்குகிறது. டம். போன வாரம் ஒத்திகையில் கிளாட்வின் கேட்டது. டம். அக்கா, ஈரத்துண்டுல ரெண்டாவது சரணம் நான் பாடட்டுமா? டம். எவ்வளவு சாதாரணமாகக் கேட்டான், கிடார் பெடலைக் குனிந்து திருகிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே. ஈரத்துண்டு எங்களுடைய ஒரே தெரிந்த பாட்டு, காயாத துண்டு கொடியில, காத்து எந்தப் பக்கம் என்று நான் ஆரம்பித்தால் காலேஜ் பிள்ளைகள் மீதியைப் பாடுவார்கள், அவர்கள் பிறந்தபோது எழுதிய பாட்டு. இரண்டாவது சரணத்தில்தான் அந்த மேலே போகிற இடம், அந்த இடத்தில்தான் இப்போது ஒரு வருஷமாக என் தொண்டை இரண்டாகக் கிழிகிறது. பாட்டு இருக்கிறபடி இருக்கட்டும்டா என்று சொல்லிவிட்டேன், சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவனும் சரிக்கா என்றான். ஆனால் யாழினி அஃப்சலைப் பார்த்தாள். பார்த்தாளா, இல்லை நான்தான் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? அரைக்கட்டை குறைத்து வாசிக்கலாம், அப்பத்தான் கிடார் கொஞ்சம் கனமா கேக்கும் என்று நான் சொன்னதை மூன்று பேருமே நம்பினார்கள், அல்லது நம்பினதுபோல இருந்தார்கள், காது உள்ள பிள்ளைகள், கிடார் கனத்துக்காக எவளும் இருபத்திரண்டு வருஷப் பாட்டைக் கீழே இறக்க மாட்டாள் என்று தெரியாதா என்ன. டாக்டர் அம்மா குரல்நாண் ஓரத்தில் ஒரு சின்னத் தடிப்பு என்று படத்தில் காட்டினார், ரெஸ்ட் குடுங்க என்றார். பகல் முழுக்க அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்ட்டாகப் போய்க் குழந்தைகளுக்குக் கிடார் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு எந்த ரெஸ்ட்? ஸ்நேர் குடுங்க. அஃப்சல் அடிக்கிறான். காலையில் வேனில் சாமான் ஏற்றும்போது அஃப்சலின் போன் ஆம்ப் மேல் கிடந்தது, திரை ஒளிர்ந்தது, படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை, கண் போய்விட்டது. கிளாட்வின் அனுப்பியிருந்தான். அக்காகிட்ட நானே சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் எதுவும் சொல்லிடாதீங்க. அவ்வளவுதான் தெரிந்தது, அதற்குள் திரை அணைந்துவிட்டது. நானே சொல்றேன். என்னத்தைச் சொல்வாய், கிளாட்வின்? அப்புறம் மத்தியானம் இந்த ஹாலுக்குள் நான் வரும்போது யாழினி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் சிரிப்பு வாய்க்குள் போய்விட்டது. என்னடி ஜோக்கு என்றேன். ஒண்ணுமில்லக்கா, கிளாட்வின் சொல்லுவான் என்றாள். அவன்தான் சொல்ல வேண்டும், எல்லோரும் சேர்ந்து ஒருவனைத் தேர்ந்தெடுப்பது, அதுதான் எப்போதும் நடப்பது. ஸ்நேர் போதும், டாம்ஸ் குடுங்க. மேடை நடுவில் இரண்டு மைக் நிற்கிறது. இரண்டு. எப்போதும் ஒன்றுதான், என்னுடையது. இன்னொண்ணு யாருக்கு என்று சவுண்டுக்காரரைக் கேட்டேன், அந்த ஒல்லித் தம்பிதான் மேடம் கேட்டாரு, உங்க மைக் பக்கத்துலயே வைக்கச் சொன்னாரு, என்றார்.

வோக்கல் வாங்க மேடம் என்கிறார். போய் நிற்கிறேன். ஹாலில் யாரும் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒருவர் கடைசி வரிசையில் பேனர் கட்டுகிறார். காயாத துண்டு கொடியில என்று பாடுகிறேன், குரல் சரியாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் மணல், மணல் நல்லதுதான், மணல் பிடித்துத்தானே எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவது சரணம் பாத்துடலாமா மேடம்? வேணாம், போதும் என்றேன். அதையும் யாழினி பார்த்தாள், இந்தத் தடவை நிச்சயமாகப் பார்த்தாள். நந்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவனுக்குப் போனது குரல் இல்லை, காது. அவன் ஆம்பைக் கூட்டிக்கொண்டே போனான், எங்களுக்குக் காதில் ரத்தம் வராத குறை, கேட்டால் எனக்கே கேக்கல பியூலா, நீங்கல்லாம் என்ன காதுல பஞ்சு வச்சிருக்கீங்களா என்பான். பஞ்சு அவன் காதில்தான் இருந்தது, அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்து வெகுநாள் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. யார் சொல்வது? நீதான் சொல்லணும், நீ சொன்னாத்தான் கேப்பான் என்று அன்றைக்கு இருந்தவர்கள் என்னைத் தள்ளினார்கள், அன்றைக்கு இருந்தவர்களில் ஒருவர்கூட இன்றைக்கு பேண்டில் இல்லை. டீ வழக்கத்தைக் கண்டுபிடித்ததே நந்தாதான், ராயனுக்குத் தாளம் நிற்காமல் போனபோது மூஞ்சிக்கு நேரே சொல்ல மனசு வராமல் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவன். அவனைப் போய் நான் வா, ஒரு டீ சாப்பிடலாம் என்றதும் அவன் என்னைப் பார்த்தான் பாருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான். பெரம்பூர் ரயில்வே ஸ்டேஷன் எதிரில் ஒரு கடை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே, சக்கர கம்மியா போடச் சொல்லு, கசப்பு கசப்போட போகட்டும் என்று சிரித்தான். நான் சொன்னேன். காது கேட்காதவனுக்காகச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பாதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். ஒரு நாள் உன்னையும் யாராச்சும் கூப்புடுவாங்க பியூலா, அன்னிக்கு முழுசா குடிச்சிட்டு வா, பாக்கலாம், என்றான். சாபமாகச் சொல்லவில்லை, நந்தாவுக்குச் சாபம் விடத் தெரியாது, கிண்டலாகத்தான் சொன்னான். மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டு அனுப்பிவிட்டான். செய்தது சரிதான், இன்றைக்கும் சரியென்றே சொல்வேன், அன்றைக்கு அதைச் செய்யாவிட்டால் கொசுவலை அந்த வருஷமே கிழிந்திருக்கும். ஆனால் அதே சரி இன்றைக்கு எனக்கும் சரியாகிவிடுமே. தொண்டை போனவள் போகத்தான் வேண்டும். கூப்பிடுகிறவன் கையில் நியாயம் இருக்கிறது. நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, இது போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை, சாயங்காலம் என்று ஒன்று இல்லை, நாற்பத்தாறு வயதில் நான் யார் என்று கேட்டால் சொல்வதற்கு வேறு பதில் இல்லை.

வாசலில் கிளாட்வின் நிற்கிறான், போனைப் பார்க்கிறான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்கிறான், மறுபடி போன். நந்தாவின் சட்டை. போலாமாக்கா? போலாம்டா. இந்தக் கடை வேண்டாம்க்கா, அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு. அதுதானே, பக்கத்துக் கடையில் ஹால்காரர்கள் வந்து நிற்பார்கள், இதைச் சொல்ல ஆள் இல்லாத இடம் வேண்டும், நானும் அப்படித்தான் பார்த்துப் பார்த்துக் கடை பிடிப்பேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ் ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று, ஆட்டோக்கள், கடக்கவே விட மாட்டேன் என்கிறது ரோடு, விடாமலே இருக்கட்டும், இரவு வரை இப்படியே பஸ் வந்துகொண்டிருக்கட்டும். அவன் என் முழங்கையைப் பிடித்து, இப்ப வாங்கக்கா என்று இழுக்கிறான், வயசானவளை ரோடு தாண்டிவிடுகிற மாதிரி. அப்படியா ஆகிவிட்டேன்? கையை உதறவில்லை, உதற நினைத்தேன். என்ன பிள்ளை இவன், போன மழைக்கு வந்தபோது சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, கிடாரை மட்டும் பாலிதீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தான், தூத்துக்குடி, சர்ச்சில் கத்துக்கிட்டேன் என்றான். நானும் சர்ச்சில்தான் கற்றுக்கொண்டேன் என்று சொன்னதும் எவ்வளவு பெரிய சிரிப்பு. நந்தாவுக்குப் பிறகு அந்த மூலையில் ஆறு பேரோ ஏழு பேரோ உட்கார்ந்தார்கள், அத்தனை பேரும் வெறும் ஆள்தான், இவன் ஒருவன்தான் வாசிக்கிறான். இவன் வாசிக்கும்போது என் பாட்டே எனக்குப் புதுசாகக் கேட்கிறது. அதனால்தான் பயம். சும்மா வாசிக்கிறவனாக இருந்தால் போடா என்று சிரித்துவிட்டுப் போவேன், இவன் இல்லாமல் கொசுவலை இல்லை, நான் இல்லாமல் இருக்கும், அது எனக்கே தெரிகிறது. பாதி ரோட்டில் நடுத்திட்டில் நிற்கிறோம். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. அவன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண் எதிர்ப்பக்கத்துக் கடைமேல் போய்த் திரும்பியது. அக்கா, அங்க போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும், என்றான். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல.

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல் அதே வார்த்தை. ராயனுக்கு நந்தா சொன்னது, நந்தாவுக்கு நான் சொன்னது, இந்தப் பிள்ளை வாயில் எப்படி வந்தது, இதையும் சட்டை மாதிரி யாராவது கைமாற்றிக் கொடுத்துவிட்டார்களா? காதுக்குள் அஃப்சலின் கிக் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவன் அடுத்த வார்த்தையைத் தொடங்கிவிட்டால் முடிந்தது, கேட்டுவிட்டால் பிறகு கேட்காததாக ஆக்க முடியாது, அவன் உதடு பிரிகிறது, அதற்கு முன்னால் யாராவது எதையாவது சொல்லியாக வேண்டும், சொன்னது நான். நீ சொல்ல வேணாம் கிளாட்வின், நானே சொல்லிடறேன். இன்னிக்கு ஷோவோட நீ நிறுத்திக்கலாம். உனக்கும் எங்களுக்கும் செட் ஆகல, உனக்கு வேற நல்ல இடம் கிடைக்கும், வேணும்னா நானே நாலு பேர்கிட்ட சொல்றேன். எவ்வளவு சுத்தமாக வந்தது. தொண்டையில் மணல்கூட இல்லை. எத்தனை தடவை சொல்லிப் பழகிய வாய், அது பாட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டது, கடைசியில் தோளில் ஒரு தட்டுகூடத் தட்டியது என் கை. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. நான் என்னக்கா பண்ணேன் என்று கேட்பான் என்று நினைத்தேன், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், அவன் கேட்கவில்லை. சரிக்கா, என்றான். எதிர்ப்பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொண்டு, அம்மா வந்திருக்காங்க, என்றான். யாரு? எங்கம்மா. காலைல ரயில்ல வந்தாங்க, எனக்கு க்ளாஸ் இருந்துச்சு, அஃப்சல்தான் போய்க் கூட்டிட்டு வந்தான். நான் சென்னை வந்ததுல இருந்து என்கூடச் சரியாப் பேசல. உங்களப் பாக்கணும்னாங்க. உள்ள ஒரே சத்தம், வர மாட்டேன்னு அந்தக் கடைல உக்காந்திருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க, அதான். அதக் கேக்கத்தான் எப்பிடின்னு தெரியல. ரெண்டாவது சரணம்கூட அவங்க கேக்கணும்னுதான் கேட்டேன், மைக் வச்சுப் பாத்துட்டுக் கடைசியா இன்னொரு தடவ உங்ககிட்டக் கேக்கலாம்னு. ரோட்டில் வண்டி குறைந்துவிட்டது. வாங்கக்கா, போகலாம், என்று முழங்கையைப் பிடித்தான், முதலில் பிடித்த அதே மாதிரிதான் பிடித்தான்.

கடைக்கு வெளியே ஸ்டூலில் ஒரு அம்மா, நீலப் பூப்போட்ட நூல் புடவை, மடியில் ஒரு அட்டைப் பெட்டி, எங்களைப் பார்த்ததும் பெட்டியை இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். ஓட வேண்டும் போலிருந்தது. கால் என்னவோ அந்தப் பக்கமாகத்தான் போனது. கிளாட்வின் நேரே பாய்லர் பக்கம் டீ சொல்லப் போனான், நானும் அவன் பின்னாலேயே போய் அவன் காதோரம், டேய், டீ வர்றதுக்கு முன்னாடி சொன்னது சேராதுடா, என்றேன். என்னக்கா சேராது? நான் சொன்னது. டீ கைக்கு வந்து பாதி குடிச்சாத்தான், அதுதான் நம்ம வழக்கம், நீ கூப்ட்டதும் நான் அதுன்னு நெனச்சு. என் வாயில் வந்தது எனக்கே விளங்கவில்லை, அவனுக்கு எப்படி விளங்கும். புரியலக்கா, என்றான், மரியாதையாகத்தான் சொன்னான். மூணு டீண்ணே, ஒண்ணு சக்கர கம்மி. ஏலே, மேடத்த நிக்க வச்சே பேசிக்கிட்டு இருக்க, உக்காரச் சொல்லுல, என்று அவன் அம்மா கூப்பிட்டார். உட்கார்ந்தேன். அட்டைப் பெட்டியை என் கையில் வைத்தார், மக்ரூன் மேடம், எங்க ஊர்ல இதான விசேஷம், ஒடஞ்சிருமோன்னு ராத்திரி பூரா மடிலயே வச்சிக்கிட்டு வந்தேன். டீ வந்தது. கிளாஸ் சுட்டது, சுடட்டும் என்று பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். இவன் போன் பண்ணா ஒங்க பேச்சுதான், அக்கா இப்பிடிச் சொன்னாவ, அக்கா அப்பிடிப் பாடுனாவன்னு. எனக்குப் பாட்டெல்லாம் ஒண்ணும் தெரியாது. இவுகப்பா போனதுல இருந்து ஒத்தையில வளத்த பிள்ள. ஹார்பர்ல இவன் மாமா ஒரு வேல பேசி வச்சிருக்காவ, இந்த மாசத்துக்குள்ள வரணும்ங்காவ. இவன் இங்க நிலச்சிரும்ங்கான். ஒங்க வாயால ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருவோம்னுதான் வந்தேன். இவனுக்கு இதுல ஒரு எடம் இருக்கா மேடம்?

கிளாட்வின் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டவன்தான் ரோட்டைப் பார்ப்பான், எப்போதும். இருக்கும்மா, என்றேன். குரல் கிழிந்தது, மேலே போகிற இடமே இல்லை, அங்கேயே கிழிந்தது. இவன் இல்லன்னா இந்த பேண்டே இல்ல. நான் இத்தன வருஷத்துல எத்தனையோ பேரப் பாத்துட்டேன், இவன் மாதிரி ஒருத்தன் வரல. அவனுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன், நந்தாவிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு சத்தமாகச் சொன்னேன், கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிளாட்வின் திரும்பவில்லை. அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சிரித்தார், அது போதும் மேடம், நான் அவன் மாமாகிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன், என்றார். பிறகு கையை நீட்டி மகனின் சட்டையை இடுப்புப் பக்கம் கொத்தாகப் பிடித்துப் பார்த்தார். சட்டதான் தொளதொளன்னு கெடக்கு. இன்னைக்கு முடிஞ்சதும் கழட்டிக் குடுல, ஊருக்குக் கொண்டுபோய் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தச்சு அனுப்புதேன். கிளாட்வின் இப்போதுதான் திரும்பினான், அம்மாவைப் பார்த்துத்தான் திரும்பினான். வேண்டாம்மா, என்றான். இது தொவைச்சுத் திருப்பிக் குடுக்கணும். அந்த அம்மாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை, ஒங்க ஊர்ல என்ன சட்டமோ என்று சிரித்துவிட்டார். என் கிளாஸில் பாதி இருந்தது. அவன் கிளாஸிலும் பாதி இருந்தது. கீழே வைத்துவிடலாம் என்று கை பலகைப் பக்கம் போனது. குடிங்க மேடம், ஆறிரப் போவுது, நீயும் குடில, என்றார் அந்த அம்மா. அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் நாங்கள் இரண்டு பேரும் முழுசாகக் குடித்து முடித்தோம்.